ஐந்து நாளில் ஏற்கும் ஆய்விதழ்: மலையகத்தில் திரட்டிய தரவுக்கு என்ன நேர்கிறது?

பேராதனையிலோ பதுளையிலோ பெலிஹுல்ஓயாவிலோ இறுதியாண்டு ஆய்வை முடித்த ஒரு மாணவியின் பெயர் ஏதாவது ஒரு மாநாட்டுத் தொகுப்பில் வந்துவிட்டால் போதும், மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கும். இன்னும் பட்டமளிப்பு விழாவே நடந்திருக்காது. அவருடைய ஆய்வு மிகச் சிறந்தது என்று பாராட்டும். கட்டுரையை 5 நாட்களில் மதிப்பிட்டு இந்த மாத இதழிலேயே வெளியிடுவதாக உறுதி தரும். கட்டணம் எவ்வளவு என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. கட்டுரை "ஏற்கப்பட்ட" பிறகுதான் அது தெரியவரும்.

இப்படி வரும் அழைப்பு நல்ல வாய்ப்பா, ஏமாற்றா என்று பலருக்கும் குழப்பம் இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். இங்கே பல்கலைக்கழகம் போகிறவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஆய்விதழ் என்றால் என்ன, எதை நம்பலாம் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. கல்வியியல் கல்லூரிகளில் படிப்பித்துக்கொண்டே பட்டப்பின் படிப்பைத் தொடர்பவர்களுக்கும் இதே நிலைதான். அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

ஆய்விதழ் செய்யும் வேலை

ஒரு கட்டுரையை இணையத்தில் ஏற்ற இன்றைக்கு யாராலும் முடியும். ஆய்விதழ் அதற்கு மேல் தருவது சக மதிப்பீடு. கட்டுரை வந்ததும் பதிப்பாசிரியர் வாசிப்பார். இதழின் துறைக்குப் பொருந்தாவிட்டால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். பொருந்தினால், அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். இந்த மதிப்பீட்டாளர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. சொந்த வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி, முறையில் எங்கே ஓட்டை, கணக்கில் எங்கே பிழை, முடிவுக்கு ஆதாரம் போதுமா என்று எழுதி அனுப்புவார்கள். ஆய்வாளர் திருத்துவார், மறுபடியும் பார்ப்பார்கள். இதனால்தான் வாரங்களும் மாதங்களும் ஆகின்றன.

இதன் பெறுமதி ஓர் உதாரணத்தில் நன்றாகத் தெரியும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு என்று ஒரு மாணவி ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் அது கடல்மட்டத்துக்கு உரிய எல்லை. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவதால் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் உயரத்துக்கு ஏற்ப எல்லையையும் உயர்த்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே 12.3 காட்டும் ஒரு பெண் பாடப்புத்தகக் கணக்கில் நலமானவர். திருத்திய கணக்கில் அவருக்கு இரத்தச்சோகை இருக்கிறது.

துறை தெரிந்த மதிப்பீட்டாளர் ஒரே வரியில் கேட்பார்: "உயரத்துக்கான திருத்தம் செய்தீர்களா?" மாணவி தரவை மறுபடி கணக்கிடுவார், பாதிக்கப்பட்டவர்களின் வீதம் உயரும், கட்டுரையின் முடிவே மாறும். 5 நாளில் ஏற்கும் இதழில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. தவறான எண் அப்படியே வெளியாகும். நாளைக்கு அந்தப் பகுதியின் சுகாதாரத் திட்டத்தை வகுப்பவர் அதை வாசித்து, இங்கே இரும்புச்சத்து மாத்திரைக்கு அவ்வளவு தேவையில்லை என்று நினைக்கலாம். காலையிலிருந்து கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கையை நீட்டி இரத்தம் கொடுத்த பெண்ணுக்கு அந்த ஆய்வு நன்மை செய்யவில்லை, தீமைதான் செய்திருக்கிறது. போலி ஆய்விதழில் பறிபோகும் டொலரைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான்.

பணம் புகுந்த வழி

முன்பு நூலகங்கள் சந்தா கட்டி இதழ்களை வாங்கின. சந்தா கட்ட முடியாத நாடுகளின் ஆய்வாளர்கள் வாசிக்க முடியாமல் நின்றார்கள். இதற்கு மாற்றாக வளர்ந்ததுதான் திறந்த அணுக்கம். இதில் யார் வேண்டுமானாலும் இலவசமாக வாசிக்கலாம். பல இதழ்கள் செலவை ஆய்வாளரிடம் வெளியீட்டுக் கட்டணமாக வாங்குகின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: காசு கேட்டால் போலி, கேட்காவிட்டால் நல்லது. அது சரியில்லை. 2021 இல் நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழ் திறந்த அணுக்கத்துக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. தரமான இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. குறைந்த வருமான நாடுகளுக்கு அதைக் குறைப்பதும் முழுதாகவே தள்ளுபடி செய்வதும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வருமானம் முழுவதும் ஏற்ற கட்டுரைகளிலிருந்தே வருமானால், மறுக்கும் ஒவ்வொரு கட்டுரையும் பதிப்பகத்துக்கு நட்டம். மனச்சாட்சி உள்ளவர்கள் மதிப்பீட்டையும் கணக்கையும் பிரித்து வைக்கிறார்கள். மற்றவர்கள் மதிப்பீட்டையே எடுத்துவிட்டு, மதிப்பீடு நடந்ததைப் போன்ற தோற்றத்தை மட்டும் விற்கிறார்கள். பிரிடேட்டரி ஜேர்னல் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

2010 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக நூலகரான ஜெஃப்ரி பீல் இவற்றைப் பட்டியலிடத் தொடங்கினார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அது தனி ஒருவரின் தீர்ப்பு, வளரும் நாடுகளின் சிறிய இதழ்களுக்கு அநீதி செய்கிறது என்ற விமர்சனமும் இருந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. இணையத்தளம் எளிமையாக இருப்பதும் ஆங்கிலத்தில் சில பிழைகள் இருப்பதும் மட்டும் ஓர் இதழைப் போலியாக்கிவிடாது. 2019 இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு வரையறைக்கு வந்தார்கள். அறிவு வளர்ச்சியைவிடத் தன் லாபத்தை முன்னிறுத்துவது, பொய்யான தகவல் தருவது, பதிப்பு நெறிமுறைகளை மீறுவது, வெளிப்படைத்தன்மை இல்லாதது, கண்மூடித்தனமாக அழைப்பு அனுப்புவது ஆகியவை அதன் சாரம்.

இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜோன் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பெரிய பிழைகளை வைத்து ஒரு போலிப் புற்றுநோய்க் கட்டுரையைத் தயாரித்து 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 2013 இல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தபோது, 157 இதழ்கள் அதை ஏற்றிருந்தன. போலந்து ஆய்வாளர்கள் இல்லாத ஒரு பெண்ணைக் கற்பனையாக உருவாக்கி, அவரைப் பதிப்பாசிரியராக்கும்படி 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் பதவி கொடுத்தன. 2019 இல் அமெரிக்க நீதிமன்றமொன்று, ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற பதிப்பகக் குழுமம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்து 50.1 மில்லியன் டொலர் செலுத்த உத்தரவிட்டது.

இன்னொரு வகை இதைவிட மோசமானது. உண்மையான இதழின் பெயர், எண், அட்டை எல்லாவற்றையும் திருடி அதேபோல ஓர் இணையத்தளத்தை அமைத்துவிடுவார்கள். இதழ் உண்மை, அதன் பெயரும் உண்மை. கட்டுரையும் காசும் போய்ச் சேரும் இடம்தான் பொய். இவற்றைக் கடத்தப்பட்ட இதழ்கள் என்கிறார்கள்.

ஏன் தெரிந்தும் அனுப்புகிறார்கள்?

ஏமாந்தவர்கள் மட்டுமே அனுப்புகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. பட்டப்பின் படிப்பை முடிக்க வெளியீடு தேவைப்படுகிறது. விரிவுரையாளர் பதவி உயர்வில் வெளியீட்டுக்குப் புள்ளி உண்டு. எத்தனை கட்டுரை என்று எண்ணும் முறை இருக்கும் இடத்தில், எண்ணிக்கையை விற்பவருக்கும் கடை இருக்கும். ஒரு கட்டுரையை, அது வெளியான இதழை வைத்து மதிப்பிடாமல் அதன் உள்ளடக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும் என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012 இல் உருவானது. நம் பீடங்களின் நேர்முகத் தேர்வுகளில் அது இன்னும் போதிய அளவு இறங்கவில்லை என்பது என் கருத்து.

மாணவர்மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. மேற்பார்வையாளர் தன் பெயரையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறார் என்றால், எந்த இதழுக்கு அனுப்புவது என்பதிலும் அவருக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆய்வில் கைவைக்காதவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் ஆய்வு நேர்மைக்கு எதிரானதுதான். எங்கள் பக்கத்தில் "சேர் பெயரையும் போட்டுவிடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம்.

நல்ல இதழில் வந்தாலே உண்மையாகிவிடுமா?

இல்லை. இதற்கு மலையகமே அனுபவித்த ஓர் உதாரணம் இருக்கிறது.

2014 இல், வடமத்திய மாகாணம் உள்ளிட்ட உலர்வலய விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்கும் கிளைபோசேட் களைகொல்லிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை சர்வதேச ஆய்விதழில் வந்தது. அது ஒரு கருதுகோள் கட்டுரை. கடின நீர், உலோகங்கள், கிளைபோசேட் மூன்றும் சேர்ந்தால் இப்படி நடந்திருக்கலாம், ஆராய்ந்து பாருங்கள் என்பதே அதன் தன்மை. அப்படி எழுதுவதில் தவறு எதுவும் இல்லை, அறிவியல் வளர்வதே அப்படித்தான். ஆனால் பொது விவாதத்தில் "இருக்கலாம்" என்பது "நிரூபிக்கப்பட்டது" என்று மாறிவிட்டது. 2015 இல் கிளைபோசேட் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அந்த நோய் பரவலாக இல்லாத மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் புல் மண்டியது, களை எடுக்க ஆள் போதவில்லை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது.

கிளைபோசேட் தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுரையின் வகையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். கருதுகோள், ஒரே தோட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு, பல இடங்களில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வு, பல ஆய்வுகளைத் தொகுத்த மீளாய்வு ஆகியவை ஒரே எடை உள்ளவை அல்ல.

பெரிய பெயரும் முழு உத்தரவாதம் தராது. வைலி நிறுவனம் 2021 இல் ஹிந்தாவி பதிப்பகத்தை வாங்கியது. அதன் சிறப்பிதழ்களுக்குள், காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் புகுந்துவிட்டன. 2023 இல் மட்டும் 8,000 க்கும் அதிகமான ஹிந்தாவி கட்டுரைகள் வெளியான பிறகு, நம்பத்தகாதவை என்று மீளப்பெறப்பட்டன. அவற்றில் போலி மதிப்பீட்டாளர்களால் மதிப்பிடப்பட்டவையும் இருந்தன.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. கடைசி இதழில் உங்கள் துறையைச் சேர்ந்த மூன்று கட்டுரைகளை முழுதாக வாசியுங்கள். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட நான் இதையே நம்புகிறேன். இறுதியாண்டு மாணவருக்கே தெரியும் பிழைகள் அதில் இருந்தால், அங்கே மதிப்பீடு நடக்கவில்லை. "செயற்கை நுண்ணறிவு" போன்ற எல்லோரும் அறிந்த கலைச்சொற்களுக்குப் பதிலாக விசித்திரமான சொற்கள் வந்தால் கவனியுங்கள். வேறொருவர் கட்டுரையை மென்பொருளால் சொல் மாற்றி எழுதியதன் தடயம் அது. தேயிலை மண்ணும் வங்கியியலும் பல்மருத்துவமும் ஒரே இதழில் வந்தால், அதற்கு ஒரு துறை இருக்கிறதா என்றே கேட்க வேண்டும்.

2. ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஓர் இதழுக்குரிய 8 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். அது தரச் சான்றிதழ் இல்லை, போலி இதழும் பெறலாம். ஆனால் அதற்கு ஒரு பயன் உண்டு. அந்த எண்ணை ஐ.எஸ்.எஸ்.என். அமைப்பின் தளத்தில் தேடி, அங்கே காட்டும் இதழின் பெயர், நாடு, பதிப்பாளர் ஆகியவற்றை உங்களுக்கு வந்த இணைப்போடு ஒப்பிடுங்கள். கடத்தப்பட்ட இதழ் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திப் போகாமல், பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகவோ பதிப்பகத்தின் முகப்பிலிருந்தோ இதழைச் சென்றடையுங்கள்.

3. ஸ்கோபஸ் என்பது தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளம். "ஸ்கோபஸில் உள்ளது" என்று இதழ் சொன்னால் இதழை நம்ப வேண்டாம், ஸ்கோபஸின் சொந்த இதழ்ப் பட்டியலைப் பாருங்கள். அது இலவசம். முன்பு சேர்க்கப்பட்டு இப்போது நிறுத்தப்பட்ட இதழ்களும் உண்டு, எனவே ஆண்டையும் கவனியுங்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் எண்ணான இம்பாக்ட் ஃபாக்டரை ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அதைப் போலவே ஒலிக்கும் வேறு பெயர்களில் காசுக்கு எண் வழங்கும் தளங்கள் பல இருக்கின்றன.

4. திறந்த அணுக்க இதழ்களுக்கு டி.ஓ.ஏ.ஜே. என்ற இணையப் பட்டியல் உண்டு. 2003 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விதிகளைக் கடுமையாக்கி எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்ன பிறகு, 2016 இல் 3,000 க்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. அதில் இருப்பது நல்ல அறிகுறி. இல்லாமல் போவது மட்டுமே குற்றமில்லை.

5. ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைத் தேர்ந்து அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடுங்கள். தாங்கள் அந்தக் குழுவில் இருப்பதாக அங்கே சொல்கிறார்களா? சந்தேகம் இருந்தால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தங்கள் பெயர் அங்கே இருப்பதே சிலருக்குத் தெரிந்திருக்காது.

6. கட்டணம், தள்ளுபடி, பதிப்புரிமை, மீளப்பெறும் முறை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். தள்ளுபடியைக் கட்டுரை அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்ற பிறகு கேட்டால் பல இதழ்கள் தருவதில்லை.

இதையெல்லாம் நினைவில் வைக்கச் சிரமமென்றால், 2015 இல் தொடங்கிய "திங்க் செக் சப்மிட்" என்ற தளத்தில் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

பக்கத்தில் இருக்கும் இதழ்கள்

சர்வதேச இதழ் என்ற சொல்லுக்கு நம்மிடம் அளவுக்கு மீறிய மயக்கம் இருக்கிறது. போலி இதழ்கள் பெயரிலேயே "இன்டர்நேஷனல்" என்று போட்டுக்கொள்வது இந்த மயக்கத்தைத் தெரிந்துதான். மலைநாட்டுக்குள்ளேயே நல்ல இதழ்கள் இருக்கின்றன. பேராதனை விஞ்ஞான பீடம் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸை வெளியிடுகிறது. அதே பல்கலைக்கழகத்தின் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் டிரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரல் ரிசேர்ச் இதழை நடத்துகிறது. 1925 இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலிருந்து தேயிலை அறிவியலுக்கென்றே ஓர் இதழ் வெளியிடுகிறது. மருத்துவத்துக்கு 1887 இல் ஆரம்பித்த சிலோன் மெடிக்கல் ஜேர்னல் இருக்கிறது. இலங்கை ஆய்விதழ்கள் பலவற்றை ஒரே இடத்தில் இலவசமாக வாசிக்க, தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் 2008 முதல் இயங்குகிறது.

இவற்றில் தாமதம் உண்டு, நிராகரிப்பும் உண்டு. ஆனால் பண்டாரவளைச் சரிவில் மண் எப்படி அரிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் மதிப்பீட்டாளர் கிடைப்பதற்கு இங்கேதான் வாய்ப்பு அதிகம். அந்த ஆய்வைப் பயன்படுத்த வேண்டியவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால்?

சரி, ஒருவர் தெரியாமல் போலி இதழுக்கு அனுப்பிவிட்டார், "ஏற்கப்பட்டது, காசு அனுப்புங்கள்" என்று பதிலும் வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் காசு அனுப்பக் கூடாது, பதிப்புரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடவும் கூடாது. கட்டுரையை மீளப்பெறுவதாகத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். எல்லா இணை ஆசிரியர்களுக்கும் அதன் பிரதி போக வேண்டும். மீளப்பெறவும் கட்டணம் கேட்டு மிரட்டுவது இந்த இதழ்களின் வழக்கம். பயந்து கட்டத் தேவையில்லை. அன்றைக்கே மேற்பார்வையாளரிடமும் நூலகரிடமும் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால்தான் பின்னால் சிக்கல்.

அவர்கள் கேட்காமலே வெளியிட்டுவிட்டால் நிலைமை கடினம். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களில் வெளியிடுவது நெறிமுறை மீறல் என்பதால், நல்ல இதழ் அதை மறுக்கலாம். அப்போது செய்ய வேண்டியது, புதிய பதிப்பாசிரியருக்கு நடந்ததை முழுவதும் எழுதி, மீளப்பெறும் கடிதங்களின் பிரதிகளையும் இணைத்து, கட்டுரையைப் பரிசீலிக்க முடியுமா என்று கேட்பது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் பெயர் நீக்கிய மூலத் தரவையும் துறையில் பத்திரமாக வைத்திருந்தால், கணக்கை முதலிலிருந்து சரியாகச் செய்து வேறொரு கட்டுரையாக எழுதும் வழியும் இருக்கிறது. அதிலும் முதல் வெளியீட்டைப் பற்றி அறிமுகக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.